தாரை எந்த ஊர்க்காரி? – தொல்பொருளும் அது கிடந்த இடமும்

லண்டன் பிரித்தானிய அருங்காட்சியகத்தில் தாரை என்ற பௌத்தப் பெண்தெய்வம் ஒருத்தி சிலையாக நிற்கிறாள். 143 சென்ரிமீற்றர் உயரம், பொன்முலாம் பூசிய வெண்கலம், 8ஆம் நூற்றாண்டைச் சேர்ந்தவள் என்று கணிப்பு. 1812 முதல் 1820 வரை இலங்கையின் ஆளுநராக இருந்த றொபேட் பிரவுன்றிக் அவளை 1830இல் அந்த அருங்காட்சியகத்துக்குக் கொடுத்தார். அவள் எங்கே கிடைத்தாள் என்பதற்கு அங்கே இருக்கும் குறிப்பு ஒரே வரிதான்: கிழக்குக் கரையில், திருகோணமலைக்கும் மட்டக்களப்புக்கும் இடையில்.

இடையில் என்றால் எங்கே? திருகோணமலையில் பஸ் ஏறி மட்டக்களப்புக்கு டிக்கெட் எடுத்துப் பாருங்கள். கிண்ணியாப் பாலம் வரும். மூதூர் வரும். பிறகு தோப்பூர், சேருநுவர, வெருகல், வாகரை, பனிச்சங்கேணி, வாழைச்சேனை. நூறு கிலோமீற்றருக்கு மேல் ஓடும் பாதை; இருபுறமும் வயலும் களப்பும் பற்றைக்காடும் பழைய குளங்களும். இவற்றில் எந்தக் குளக்கட்டின் கீழே அவள் கிடந்தாள்? தனியே கிடந்தாளா, இடிந்த செங்கற் கட்டடம் ஒன்றின் நடுவிலா? யாராவது பக்குவமாக மண்ணுக்குள் கிடத்தி மூடியிருந்தார்களா, அல்லது கூரை சரிந்து மேலே விழுந்திருந்ததா? பக்கத்தில் வேறு சிலை இருந்ததா, விளக்கு இருந்ததா, பானை ஓடாவது இருந்ததா? ஒன்றுக்கும் பதில் இல்லை. கண்டி வீழ்ந்தபோது அரண்மனையிலிருந்து எடுக்கப்பட்டவள் என்று சொல்வோரும் உண்டு. அப்படிச் சொல்ல இடம் இருப்பதே அந்த ஒற்றை வரியின் பலவீனத்தால்தான்.

முதலில் அவளைப் பத்தினித் தெய்வம் என்றார்கள். பிறகுதான் தாரை என்று பெயர் மாற்றினார்கள். பத்தினி என்றால் நமக்குக் கண்ணகி; கண்ணகை அம்மனுக்குக் குளிர்த்திச் சடங்கு செய்யும் ஊர்கள் நிறைந்த கரை இது. ஆகவே அந்தப் பெயர் சும்மா ஒட்டப்பட்ட சீட்டு அல்ல, ஒரு மக்கள் கூட்டத்தின் வழிபாட்டு வரலாற்றோடு சம்பந்தப்பட்டது. அவள் கிடந்த இடத்தில் போதிசத்துவர் சிலையின் துண்டு ஒன்று இருந்தது என்று யாராவது அன்றைக்கே எழுதியிருந்தால், பெயர் மாற்ற வேண்டிய தேவையே வந்திராது. பிரவுன்றிக்கின் ஆட்கள் சிலையைக் கவனமாகப் பொதி செய்தார்கள், கப்பலில் ஏற்றினார்கள், ஒரு கீறல் விழாமல் கொண்டுபோய்ச் சேர்த்தார்கள். எழுதாமல் விட்டது இரண்டு வரி.

அந்த இரண்டு வரியைப் பற்றித்தான் இந்தக் கட்டுரை.

சில வருடங்களுக்கு முன் என்னிடம் படித்த பையன் ஒருவன் ஒரு சொப்பின் பை நிறையப் பானை ஓடுகள் கொண்டு வந்தான். திருகோணமலைக்குப் பக்கத்து உப்புவெளியில் வீடு கட்டுகிறார்கள். அத்திவாரத்துக்கு மண் பறித்தபோது அகப்பட்டவையாம். மேசையில் கொட்டினான். பெரும்பாலானவை தற்காலச் சட்டி ஓடுகள். அவற்றுக்குள் ஒரு விளிம்புத் துண்டு மட்டும் வேறு மாதிரி: உட்புறமும் வாய்ப்பகுதியும் கறுப்பு, வெளியே சிவப்பு, விரல் வழுக்கும் மினுக்கம். கறுப்புச்-சிவப்பு மட்பாண்டம். சூளையில் கலத்தைக் கவிழ்த்து வைத்துச் சுடும்போது காற்றுப் படாத பக்கம் கறுக்கும், காற்றுப் பட்ட பக்கம் சிவக்கும் என்பது பொதுவாகச் சொல்லப்படும் விளக்கம். இலங்கையின் பழைய தொல்லியல் இடங்களான பொம்பரிப்பிலும் கந்தரோடையிலும் ஆனைக்கோட்டையிலும், இறந்தோரைத் தாழியில் இட்டுப் புதைத்த தமிழ்நாட்டுத் தாழிக்காடுகளிலும் கிடைக்கும் அதே வகை. எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது.

“எங்கே எடுத்தது, தம்பி?”

“மண்ணுக்குள்ளே, சேர்.”

“எந்த மண்ணுக்குள்ளே? உங்கள் வளவு மண்ணா?”

“இல்லை சேர், உழவு இயந்திரத்தில் வந்த மணல்.”

அவ்வளவுதான். மணல் மகாவலி மணல். கிண்ணியாப் பக்கம் அள்ளியதோ மூதூர்ப் பக்கம் அள்ளியதோ, ஓட்டி வந்தவருக்கே நினைவில்லை. அப்படியே நினைவிருந்தாலும் ஆறு அந்த ஓட்டை எங்கிருந்து உருட்டி வந்தது என்று யார் சொல்வது? ஓடு உண்மையானது, பழையது. ஆனால் உப்புவெளியில் பெருங்கற்கால மக்கள், அதாவது பெரிய கற்களை வைத்து இறந்தோரை அடக்கிய பழங்கால மக்கள், வாழ்ந்தார்கள் என்பதற்கு அது சான்றாகாது. மூதூரில் வாழ்ந்தார்கள் என்பதற்கும் ஆகாது. போதாக்குறைக்குப் பையனின் தாயார் எல்லாவற்றையும் பிரஷ் போட்டுக் கழுவி, வெயிலில் காயவைத்து அனுப்பியிருந்தார். நல்ல மனத்தோடு செய்தது. அந்த ஓடு இப்போதும் என் மேசையில் கடதாசி பறக்காமலிருக்க உதவுகிறது. அதற்கு மிஞ்சிய வேலை அதற்கு இல்லை.

ஒரு பொருளைப் பார்த்து அது என்ன என்று சொல்லிவிடலாம். எப்போது, யாருடையது, எதற்காக அங்கே வந்தது என்பவையெல்லாம் பொருளுக்குள் இல்லை. அதைச் சுற்றியிருந்த மண்ணிலும், அதனோடு கிடந்த மற்றப் பொருள்களிலும் இருக்கின்றன. அதனால்தான் அகழ்வாய்வாளர் குழிக்குள் இறங்கியதும் பொருளைத் தேடுவதில்லை. மண்ணின் நிறம் மாறும் இடத்தைத் தேடுகிறார்.

மண்ணடுக்கு என்றால் என்ன என்று விளக்க நம் ஊரில் கீழடிக்குப் போக வேண்டியதில்லை. கரையோர வளவு ஒன்றில் இரண்டு முழம் தோண்டினால் போதும். பல இடங்களில் மேல்மண்ணுக்குக் கீழே ஒரு மெல்லிய வெண்மணல் படை குறுக்கே ஓடும். 2004 டிசம்பர் 26ஆம் திகதி கடல் கொண்டுவந்து போட்டது அது. அந்தப் படைக்கு மேலே கிடப்பது எல்லாம் அந்தக் காலைக்குப் பிந்தியது. அதற்குக் கீழே, படை குலையாமல் மூடியிருந்தால், கிடப்பது எல்லாம் முந்தியது. ஒரு செருப்போ சோடாப் போத்தல் மூடியோ கீழே கிடந்தால் அதன் வயதை நீங்களே சொல்லிவிடுவீர்கள். இதே கணக்கைப் படை படையாகக் கீழே கொண்டுபோனால் அகழ்வாய்வு.

“குலையாமல் மூடியிருந்தால்” என்றேன். சிக்கல் முழுவதும் அந்தச் சொல்லில்தான். எங்கள் மண் குலையாத மண் அல்ல. தென்னம்பிள்ளை வைக்கக் குழி வெட்டுகிறோம், கிணறு வெட்டுகிறோம், மலசலகூடத்துக்கு வெட்டுகிறோம். நண்டு வளை தோண்டுகிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, முப்பது வருடம் பதுங்குகுழி வெட்டினோம். ஆளுயரம் வெட்டி, அடிமண்ணை மேலே வாரிக் கொட்டி, பிறகு எங்கிருந்தோ கொண்டுவந்த மண்ணால் தூர்த்த குழிகள். அப்படியான தூர்வைக்குள் ஆறடி ஆழத்தில் ஒரு காசு கிடைத்தால் அந்த ஆறடிக்கு எந்த அர்த்தமும் இல்லை. ஆகவே ஆழத்தை மட்டும் எழுதினால் போதாது. எந்த மண்ணுக்குள், எந்த வெட்டுக்குள், எதற்கு மேலே, எதற்குக் கீழே என்று எழுத வேண்டும். குழியின் பக்கச் சுவரைச் செதுக்கி நேராக்கி வரைபடம் போடுவது அழகுக்கு அல்ல. பிற்காலத்து வெட்டு எங்கே மேலிருந்து இறங்கியிருக்கிறது என்பது அந்தச் சுவரில்தான் தெரியும்.

முறையான குழியில் ஒவ்வொரு படைக்கும் ஓர் எண் உண்டு. அந்தப் படையிலிருந்து வரும் ஓடு, எலும்பு, கரி, மணி எல்லாம் அந்த எண் எழுதிய பைக்குள் போகும். எடுக்க முன்பு அளவுகோலும் வடக்கைக் காட்டும் அம்புக்குறியும் வைத்துப் படம் எடுப்பார்கள். தோண்டிய மண்ணைச் சல்லடையில் அரிப்பார்கள். பார்ப்பதற்கு அலுப்பான வேலை. அதன் பெறுமதி கடைசியில்தான் தெரிகிறது. கீழடியில் எடுத்த கரித்துண்டு ஒன்று கி.மு. 580ஐச் சேர்ந்தது என்று தமிழ்நாடு தொல்லியல் துறை 2019இல் அறிவித்தபோது உலகமெங்கும் தமிழர் கொண்டாடினோம். கொண்டாடியவர்களில் எத்தனை பேர் 353 என்ற எண்ணைக் கவனித்தார்களோ தெரியாது. அந்தக் கரி 353 சென்ரிமீற்றர் ஆழத்தில் எடுக்கப்பட்டது. அந்த எண்ணும் அது சேர்ந்த படையின் குறிப்பும் இல்லாவிட்டால் அது அடுப்புக் கரி. கரியின் வயதை ஆய்வுகூடம் அப்போதும் சரியாகச் சொல்லியிருக்கும். ஆனால் அந்த வயதைப் பக்கத்தில் கிடந்த எழுத்துப் பொறித்த ஓட்டுக்கு மாற்றிக் கொடுக்க வழி இருந்திருக்காது.

யாழ்ப்பாணத்தில் ஆனைக்கோட்டை முத்திரைக்கும் இதே கதை. விரல்நுனி அளவுப் பொருள், மூன்றே பிராமி எழுத்து, மேலே சில குறியீடுகள். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகக் குழு அதை ஒரு பெருங்கற்கால அடக்கத்தில் எடுத்தது. அதனால்தான் அது வரலாற்று நூல்களில் இருக்கிறது. பழைய சாமான் கடையில் கிடைத்திருந்தால் அதைப் பற்றி எழுத யாரும் துணிந்திருக்க மாட்டார்கள். போலி என்று ஒதுக்கியிருப்பார்கள், ஒதுக்கியது நியாயமாகவும் இருந்திருக்கும்.

திருகோணமலைக்குத் திரும்புவோம். நகரிலிருந்து வடமேற்கே, பெரியகுளத்துக்குப் பக்கத்தில், ஊரார் நாதனார் கோயில் என்று சொல்லிவந்த ஓர் இடம் இருக்கிறது. காட்டுக்குள் கிடந்த இடிபாடு. அங்கே சோழர் காலத்துத் தமிழ்க் கல்வெட்டுகள் பல கிடைத்தன. அவற்றை வாசித்தபோது அந்த இடம் வெல்கம் விகாரை என்பதும், அதற்கு இராஜராஜப் பெரும்பள்ளி என்ற பெயரும் இருந்தது என்பதும் தெரியவந்தன. பௌத்தப் பள்ளி ஒன்றுக்குத் தமிழில் விளக்கும் பசுவும் தானம் எழுதிய ஆட்கள் இங்கே இருந்திருக்கிறார்கள். இன்று யாருக்கு எந்த மதம், யாருக்கு எந்த மொழி என்று கோடு கிழிப்போருக்கு இரு பக்கத்திலும் வசதியில்லாத ஊர் அது. எனக்குப் பிடித்த ஊர்.

இப்போது ஒன்றை யோசித்துப் பாருங்கள். அந்தக் கல்வெட்டுகள் அங்கே கிடைக்கவில்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குப் பதிலாக, ‘இராஜராஜப் பெரும்பள்ளி’ என்று மட்டும் பொறித்த ஒரு வெண்கல விளக்கு, கிடைத்த இடம் பற்றிய குறிப்பில்லாமல், கொழும்பிலோ சென்னையிலோ ஒரு வியாபாரியிடம் வருகிறது. படித்த அறிஞர் அதை எந்த ஊருக்குக் கொடுப்பார்? நாகபட்டினத்துக்குத்தான். ஏனென்றால் நாகபட்டினத்துச் சூடாமணி விகாரத்தைச் சேர்ந்த பள்ளிக்கும் இராஜராஜப் பெரும்பள்ளி என்றே பெயர். சோழர் வழங்கிய லைடன் செப்பேடு சொல்கிறது. அறிஞரில் பிழை இல்லை. கிடைத்த இடத்தை எழுதாத ஒரே காரணத்தால் திருகோணமலையின் ஒரு நூற்றாண்டு வரலாறு கடல் தாண்டி நாகபட்டினத்துக்குப் போயிருக்கும்.

திரியாயில் அந்தப் பயம் இல்லை. கந்தசாமிமலையில் உள்ள வடமொழிக் கல்வெட்டு மலைப்பாறையிலேயே வெட்டப்பட்டது. மலையைத் தூக்கிக்கொண்டு யாரும் போக முடியாது. பல்லவ கிரந்த எழுத்து, திரபுசர் வல்லிகர் என்ற வணிகர் பெயர்கள், தாரையோடு சேர்த்து வழிபடப்படும் போதிசத்துவரான அவலோகிதேசுவரர் துதி எல்லாம் எழுதிய இடத்திலேயே இருக்கின்றன. அவலோகிதேசுவரரைத் துதித்த கரையில் ஒரு தாரை இருந்திருந்தால் பொருத்தம்தான் என்று மனம் உடனே முடிச்சுப் போடப் பார்க்கிறது. ஆனால் திரியாய் திருகோணமலைக்கு வடக்கே. தாரையின் குறிப்போ தெற்கே இழுக்கிறது. இடம் தெரியாத பொருளை வைத்து எழுதும்போது இப்படி ஆசைக்குக் கடிவாளம் போட்டுக்கொண்டே இருக்க வேண்டியிருக்கிறது.

பாறை நகராது, கல் நகரும். கோட்டை வாசலுக்குப் போனால் பார்க்கலாம். கோணேசர் கோயிலை இடித்த கற்களைக் கொண்டு 1620களில் போர்த்துக்கேயர் கட்டத் தொடங்கிய கோட்டை, பிறகு ஒல்லாந்தர் கை, பிறகு ஆங்கிலேயர் கை மாறி, பிரெட்றிக் கோட்டையாக நிற்கிறது. வாயிலில் இரட்டைக் கயல் பொறித்த கல் உண்டு. தமிழ் எழுத்துகளும் உண்டு; வரிகள் முழுமையாக இல்லை. “முன்னே குளக்கோட்டன் மூட்டும் திருப்பணியைப் பின்னே பறங்கி பிரிக்கவே” என்று ஊரில் எல்லாருக்கும் வாய்ப்பாடமான பாட்டோடு சேர்த்துத்தான் விட்ட எழுத்துகளை நிரப்பி வாசிக்கிறோம். மான்கள் மேய்வதைப் படம் எடுக்கும் பயணிகள் அந்தக் கல்லைத் தாண்டித்தான் போகிறார்கள்.

இந்தக் கல் கோயிலின் எந்தப் பகுதியில் நின்றது? வாயிலிலா, மண்டபத்திலா, மலையில் இருந்த மூன்று கோயில்களில் எதில்? பறங்கி வருவதற்கு முன்பே வெட்டியதா, வந்தபின் வெட்டியதா? அடித்தளத்தில் நின்ற இடம் தெரிந்திருந்தால் காலம் பற்றி ஒரு வார்த்தை சொல்லலாம். இப்போது எழுத்தின் வடிவத்தை மட்டும் வைத்து மல்லுக்கட்ட வேண்டும். அதே நேரத்தில் அந்தக் கல் இப்போது இருக்கும் இடமும் ஓர் ஆவணம்தான். கோயிற்கல் கோட்டைச் சுவருக்குள் போனது என்ற செய்தியை எந்த நூலை விடவும் அந்தச் சுவர் உறுதியாகச் சொல்கிறது. நாளைக்கு யாராவது பக்தியால் அதைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்தால் இரண்டாவது சாட்சியும் போய்விடும். பொருளுக்குப் பல இடங்கள் இருக்கலாம். ஒவ்வொன்றையும் எழுதத்தான் வேண்டும். 1956இல் எழுத்தாளர் ஆதர் சி. கிளார்க்கும் அவருடைய நண்பர் மைக் வில்சனும், கோணேசர் கோயில் நிற்கும் சுவாமிமலை அடிக்கடலில் கண்ட தூண்களும் அப்படித்தான். மேலிருந்து உருண்டவை மேலே எப்படி நின்றன என்று கடலடி சொல்லாது. உருட்டப்பட்டதைச் சொல்லும்.

1950இல் நடந்தது வேறு மாதிரி. நகரசபையினர் கிணறு வெட்டியபோது, கோணேசர் மலையிலிருந்து ஏறத்தாழ 500 யார் தூரத்தில், மண்ணுக்குள்ளிருந்து வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. சோமாஸ்கந்தர், சந்திரசேகரர், அம்பாள். இன்று கோயிலில் வழிபாட்டில் இருக்கும் மூர்த்திகள் அவர்கள். அந்த 500 யார் என்ற எண்ணை நான் பலமுறை நடந்து பார்த்திருக்கிறேன். ஆறேழு நிமிட நடை. பாரமான செப்புத் திருமேனியைத் தூக்கிக்கொண்டு, ஆள் பார்க்காமல், ஒருவேளை இருட்டில் நடந்தால் அரைமணி நேரம். காட்டுக்குள் ஆழப் போகவில்லை, கப்பலேற்றவில்லை. மறைத்தவர்கள் திரும்பி வந்து எடுக்கும் எண்ணத்தோடுதான் பக்கத்திலேயே மறைத்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது. ஒரு தூரக்குறிப்பு மட்டும் இருந்ததால் இவ்வளவு யோசிக்க முடிகிறது. சீர்காழியில் 2023இல் கோயில் வளாகத்திலேயே இருபதுக்கு மேற்பட்ட செப்புத் திருமேனிகளும் தேவாரம் எழுதிய நூற்றுக்கணக்கான செப்பேடுகளும் ஒன்றாக வெளிவந்தன. எது எதனோடு கிடந்தது என்பது தெரிவதால், திருமேனியையும் திருமுறையையும் ஒரே ஆபத்திலிருந்து ஒரே கைகள் காப்பாற்றின என்று படிக்க முடிகிறது.

மண்ணே நீதிமன்றத்தில் சாட்சி சொன்ன கதையும் உண்டு. தஞ்சாவூர்ப் பக்கம் பத்தூரில் 1976இல் ஒரு கூலித்தொழிலாளி தன் குடிசைக்கு அருகே தோண்டியபோது கிடைத்த நடராசர், கை மாறிக் கை மாறி லண்டன் போனார். வழக்கு வந்தது. இந்த நடராசர் பத்தூர் மண்ணில் கிடந்தவர்தானா என்பதே கேள்வி. சிலையில் ஒட்டியிருந்த மண்ணும் கறையான் புற்றின் தடயமும் பத்தூரில் கிடைத்த மற்றச் சிலைகளோடு ஒப்பிட்டுப் பார்க்கப்பட்டன. வழக்கு வென்று 1991இல் நடராசர் திரும்பினார். யாராவது அவரைப் புளி போட்டுத் துலக்கியிருந்தால்? அந்தப் பையனின் தாயாரை நினைத்துக்கொள்கிறேன். பழைய பொருள் கிடைத்தால் கழுவாதீர்கள் என்று நான் வகுப்புக்கு வகுப்பு சொல்வதற்குக் காரணம் இதுதான்.

சரி, எழுதிவைத்தால் என்ன நடக்கும்? இங்கே பேசாமல் தாண்டிப்போக முடியாத விஷயம் ஒன்று இருக்கிறது. பயம்.

சட்டம் தெளிவானது. 1940ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தொல்பொருள் கட்டளைச் சட்டமும் 1998இன் திருத்தமும் சொல்வதன்படி மண்ணுக்குள்ளிருந்து வெளிப்படும் தொல்பொருள் அரசுக்குரியது. கண்டவர் அறிவிக்க வேண்டும். அனுமதியின்றித் தோண்டுவது குற்றம். ஆனால் நம் மாவட்டத்தில் ஒரு விவசாயி அறிவிக்கத் தயங்குவது சட்டம் தெரியாமையால் அல்ல. வயலில் செங்கல் கண்டேன் என்று சொன்னால் நாளைக்கு எல்லைக்கல் நடுவார்கள், மறுநாள் பலகை வைப்பார்கள், அடுத்த போகம் விதைக்க விடமாட்டார்கள் என்று நினைக்கிறார். குச்சவெளிப் பக்கம் போனால் இந்தப் பேச்சைக் காதால் கேட்கலாம். 2020 ஜூனில் கிழக்கு மாகாணத் தொல்லியல் மரபுரிமை முகாமைத்துவத்துக்கென ஜனாதிபதி செயலணி அமைத்தபோது, மூவினத்தவரும் வாழும் மாகாணத்துக்கான அந்தக் குழுவில் தொடக்கத்தில் ஒரு தமிழரோ முஸ்லிமோ இருக்கவில்லை. தலைமையில் பாதுகாப்புச் செயலாளர் இருந்தார். பயத்துக்கு உரம் போட்டதுபோலாயிற்று. ஆகவே சாதாரண மனிதர் செய்வது என்ன? கண்டதைத் திரும்ப மூடுகிறார். இல்லாவிட்டால் கல்லைக் கொண்டுபோய்க் குளக்கட்டில் போடுகிறார்.

அவரை நான் குறை சொல்ல மாட்டேன். என் வயலாக இருந்தால் எனக்கும் இரவில் தூக்கம் வராது. ஆனாலும் மூடிவிடுவது அவருக்கே பாதகம் என்பது என் முடிவு. இடக்குறிப்பு இல்லாத கல்லை யாரும் எங்கும் கொண்டுபோய் வைக்கலாம். எந்தக் கதையையும் அதன்மேல் ஏற்றலாம். தன் வயலில் கிடைத்தது ஒரு செங்கல் அல்ல, சோழர் காலத்துக் கிணற்றுக் கட்டு என்பதைப் படத்தோடும் அளவோடும் திகதியோடும் பதிந்து வைத்திருப்பவரிடம் வந்து வேறு கதை சொல்வது கடினம். பதியாதவரிடம் சொல்வது சுலபம். இது எந்தச் சமூகத்துக்கும் பொருந்தும். உண்மையிலேயே விகாரையின் எச்சம் ஒன்று வயலில் இருந்தால் அதையும் அதே நேர்மையோடு பதியத்தான் வேண்டும்.

பதிவதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். பொருளை எடுக்காதீர்கள், அசைக்காதீர்கள். பக்கத்தில் ஓர் அடிமட்டம், இல்லாவிட்டால் ஒரு ஐந்து ரூபாய்க் குற்றி வைத்துக் கிட்ட நின்று ஒரு படம், கிணறோ பனையோ வீட்டு மூலையோ தெரியும்படி தள்ளி நின்று இன்னொரு படம். கைத்தொலைபேசி காட்டும் அகலாங்கு நெட்டாங்கு எண்களைக் குறியுங்கள். ஆனால் அது பல மீற்றர் பிசகலாம், ஆகவே நிலையான ஏதாவது இரண்டு இடங்களிலிருந்து நாடாவால் அளந்த தூரமும் வேண்டும். நிலமட்டத்திலிருந்து எவ்வளவு ஆழம். மண் என்ன நிறம், மணலா களியா, சாம்பல் உண்டா. கூடக் கிடந்தவை. யார் கண்டார், என்றைக்கு. பிறகு கிராம உத்தியோகத்தருக்கோ தொல்பொருள் திணைக்களத்துக்கோ எழுத்தில் அறிவித்து, கொடுத்த கடிதத்தில் ஒரு பிரதியைக் கையொப்பத்தோடு வாங்கிக்கொள்ளுங்கள். அந்தப் பிரதி முக்கியம்.

ஒன்றை மட்டும் செய்யாதீர்கள்: முகநூலில் இடத்தைப் போடாதீர்கள். புதையல் தோண்டுகிறவர்கள் ஸ்கானரோடும் பூசாரியோடும் சேவலோடும் திரிகிற நாடு இது. துல்லியமாக எழுத வேண்டும், எழுதியதை ஊருக்கெல்லாம் காட்ட வேண்டியதில்லை.

இடத்தை எழுதுவது நமக்குப் புதிய பழக்கமும் அல்ல. சோழர் காலத்தவன் ஒரு துண்டு நிலம் கொடுத்தாலும் கீழ்பாற்கெல்லை இது, தென்பாற்கெல்லை இது, மேல்பாற்கெல்லை இது, வடபாற்கெல்லை இது, இவ்விசைத்த பெருநான்கெல்லைக்கு உட்பட்டது என்று கல்லில் வெட்டிவிட்டுத்தான் மறுவேலை பார்த்தான். நிலாவெளியில் கிடைத்த கல்வெட்டு, கோணேசர் மலைக் கோயிலான கோணமாமலை மச்சகேசுவரத்துக்கு 250 வேலி நிலம் கொடுத்ததைச் சொல்கிறது. தஞ்சாவூர்க் கணக்கில் ஒரு வேலி ஆறரை ஏக்கருக்குச் சற்று அதிகம். கோயிலும் போய், அதைக் கட்டிய கல்லும் கோட்டைக்குப் போன பிறகு, அந்தக் கோயிலுக்கு எவ்வளவு நிலம் இருந்தது என்று நாம் அறிவது ஊர்ப்பெயரையும் அளவையும் சேர்த்து எழுதிய அந்தப் பழக்கத்தால்தான்.

தம்பலகாமத்தில் கிணறு வெட்டும் பெரியவர் ஒருவரை எனக்குத் தெரியும். பாடசாலைப் பக்கம் போகாதவர். இடுப்பில் ஒரு கயிறு வைத்திருப்பார். முழத்துக்கு ஒரு முடிச்சு. இருபது வருடத்துக்கு முந்திய கிணறு ஒன்றில் தாழி மாதிரி ஒன்று கண்டதாகப் பேச்சுவாக்கில் சொன்னார். வழக்கம்போலக் கேட்டேன், எங்கே என்று. கயிற்றை எடுத்து விரலால் முடிச்சுகளை எண்ணினார்.

“ஆறாம் முடிச்சு தாண்டி, ஏழுக்கு ஒரு சாண் குறைய. கிழக்குச் சுவரில். மேலே மஞ்சள் களி, கீழே கரி கலந்த மண். வாய் மேலே பார்த்தபடி இருந்தது, மேலே ஒரு தட்டையான கல். நான் உடைக்கவில்லை தம்பி, கிணற்றை ஒரு முழம் மேற்கே தள்ளி வெட்டினேன்.”

கிணறு இப்போதும் இருக்கிறது. தண்ணீர் அள்ளுகிறார்கள். கட்டின் கிழக்குப் பக்கம் எது என்பதைக் கேட்டு, பக்கத்துப் புளியமரத்திலிருந்தும் வீட்டுப் படியிலிருந்தும் அளந்து, அவர் சொன்னதைச் சொன்னபடியே கொப்பியில் எழுதி, கீழே அவருடைய பெருவிரல் அடையாளத்தையும் வாங்கிவைத்திருக்கிறேன்.